ஒரே ஆறு, இரண்டு சுழலிகள்
(எட்டியாந்தோட்டையில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்றைக்கு எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, கேஸ் டர்பைன் மின்சாரமும் காபன் விலையும். தலைப்பைப் பார்த்ததும் சிலர் கேட்டார்கள்: "சேர், இதைக் கொழும்பில் பேசலாம், ஐரோப்பாவில் பேசலாம். லயத்துப் பிள்ளைகளுக்கு இதில் என்ன இருக்கிறது?" நல்ல கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன். கரண்ட் பில் கட்டுகிற ஒவ்வொருவருக்கும் இதில் பங்கு இருக்கிறது. ஓடைக்கரையில் குடியிருக்கிற ஒவ்வொருவருக்கும் இதில் பங்கு இருக்கிறது. மழைக்காலத்தில் மலை எப்போது சரியும் என்று தூங்காமல் கிடக்கிற ஒவ்வொருவருக்கும் இதில் பங்கு இருக்கிறது.

இரண்டே கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். விலையைக் கொடுப்பது யார்? பணம் போய்ச் சேருவது யார் கைக்கு? இந்த இரண்டையும் நான் திரும்பத் திரும்பக் கேட்பேன். நீங்களும் கூடவே கேளுங்கள்.

முதலில் நம் ஆற்றைப் பார்ப்போம். மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் மேலே மலையில் பிறந்து, கீழே வந்து கூடி, களனி கங்கையாகின்றன. கித்துள்கலையைத் தாண்டி, இந்த எட்டியாந்தோட்டையைத் தொட்டு, ருவன்வெல்லை, அவிசாவளை என்று இறங்கி, கொழும்பில் கடலில் கலக்கிறது நம் கங்கை. இந்த நீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று 1918ஆம் ஆண்டிலேயே கட்டுரை படித்தவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. அன்றைக்கு அதிகாரத்தில் இருந்தவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1950இல்தான் பழைய லக்சபான நிலையம் ஓடத் தொடங்கியது. பிறகு விமலசுரேந்திர நிலையம், பொல்பிட்டிய, அண்மையில் கித்துள்கலைக்குப் பக்கத்தில் 35 மெகாவாட் புரோட்லண்ட்ஸ் என்று ஒரே ஆற்றுத் தண்ணீர் படிப்படியாகப் பல சுழலிகளைச் சுற்றிவிட்டுத்தான் நம் ஊருக்கு வருகிறது.

1950இல் லக்சபானவில் விளக்கு எரிந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1948இல், நம் பாட்டன் பாட்டிகளின் குடியுரிமை பறிபோனது. தேயிலை மலைகளுக்கு மேலாகக் கம்பி போனது. கம்பிக்குக் கீழே இருந்த காம்பராவில் குப்பி விளக்குத்தான் எரிந்தது. இந்த இரண்டு ஆண்டுகளையும் சேர்த்து நினைவில் வையுங்கள். மின்சாரத்தின் வரலாறும் நம் வரலாறும் ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்தில் நடந்தவை.

சரி, ஆறு கடலைச் சேரும் இடத்துக்குப் போவோம். கங்கையின் முகத்துவாரத்துக்கு அருகில், தென்கரையில் களனிதிஸ்ஸ மின் நிலையம் நிற்கிறது. வடக்கே சற்றுத் தள்ளி கெரவலப்பிட்டிய. அங்கேயும் சுழலிகள்தாம். ஆனால் அவற்றைச் சுற்றுவது தண்ணீர் இல்லை. எண்ணெய். மேலே மழைநீரால் சுழல்வது ஒன்று, கீழே எரிபொருளால் சுழல்வது ஒன்று. ஒரே ஆறு, இரண்டு சுழலிகள். மேலே தண்ணீர் குறைந்தால் கீழே எண்ணெய் எரிய வேண்டும். நம் மலையில் பெய்கிற மழைக்கும் கொழும்புத் துறைமுகத்தில் வந்து நிற்கிற எண்ணெய்க் கப்பலுக்கும் இருக்கிற உறவு அதுதான்.

கீழே சுழல்கிற அந்தக் கேஸ் டர்பைன் என்றால் என்ன? பெரிய மந்திரம் ஒன்றும் கிடையாது. வெளிக்காற்றை உள்ளே இழுத்து அழுத்துகிறார்கள். அழுத்திய காற்றில் எரிபொருளைச் சேர்த்து எரிக்கிறார்கள். பயங்கரச் சூட்டோடு விரிகிற வாயு, வரிசை வரிசையாகப் பூட்டியிருக்கும் இதழ்களைத் தள்ளிக்கொண்டு வெளியேறுகிறது. தண்டு சுழல்கிறது, மின்சாரம் பிறக்கிறது. விமான எஞ்சினுக்கும் இதற்கும் தத்துவம் ஒன்றுதான். மின்சாரத்துக்கென்று முதல் கேஸ் டர்பைனை 1939இல் சுவிட்சர்லாந்தின் நியூஷாட்டெல் நகரில் ஓடவிட்டார்கள். 4 மெகாவாட். எரித்த எரிபொருளில் ஆறில் ஒரு பங்குதான் மின்சாரமானது. மீதி எல்லாம் சூடாகப் புகைபோக்கி வழியே போய்விட்டது.

களனிதிஸ்ஸவில் 1980களின் தொடக்கத்தில் வந்தவை 20 மெகாவாட் அளவான சின்ன டர்பைன்கள். 1997இல் 115 மெகாவாட் டர்பைன் ஒன்று வந்தது. 2000களின் தொடக்கத்தில், வெளியேறும் சூட்டை வீணாக்காமல் அதில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அந்த நீராவியால் இன்னொரு சுழலியையும் சுற்றுகிற கூட்டுச் சுற்று நிலையம், 165 மெகாவாட்டில் வந்தது. கெரவலப்பிட்டியவில் 300 மெகாவாட் யுகதனவி 2010இல் முழுமையடைந்தது. அதன் பக்கத்திலேயே 350 மெகாவாட் சோபாதனவி 2024இல் முதற்கட்டமாக ஓடத் தொடங்கியது.

இத்தனை கேஸ் டர்பைன்கள் இருக்கின்றனவே, இவற்றில் எரிவது என்ன? டீசல், நெப்தா, உலை எண்ணெய். இயற்கை எரிவாயுவை எரிக்கத்தான் யுகதனவியையும் சோபாதனவியையும் தோதாகக் கட்டினார்கள். எரிவாயு வரவில்லை. கப்பலில் கொண்டுவருவோம் என்றார்கள், முனையம் கட்டுவோம் என்றார்கள். 2021 செப்டெம்பரில் அமெரிக்கக் கம்பனி ஒன்றோடு ஒப்பந்தம் போட்டார்கள். நாடே சண்டை பிடித்தது, முனையம் எழவில்லை. 2011இல் மன்னார்க் கடலில் எரிவாயு கண்டுபிடித்தார்கள். அது இன்றும் கடலுக்கடியிலேயே கிடக்கிறது. எரிவாயுவுக்காகக் கட்டிய அடுப்பில் எண்ணெயை ஊற்றி எரித்துக்கொண்டிருக்கிறோம்.

இதனால் எவ்வளவு புகை? கணக்குப் போட்டுப் பார்ப்போம். பயப்படாதீர்கள், கூட்டல் பெருக்கல்தான். ஒரு லீற்றர் டீசலுக்குள் சுமார் 10 யூனிட் சக்தி இருக்கிறது. அதை எரித்தால் சுமார் 2.7 கிலோ காபனீரொட்சைட்டு வரும். பழைய சின்ன டர்பைன் அந்த 10 யூனிட்டில் நாலில் ஒரு பங்கை, அதாவது இரண்டரை யூனிட்டைத்தான் மின்சாரமாக்கும். ஆக, யூனிட்டுக்கு ஒரு கிலோவுக்கு மேல் புகை. கூட்டுச் சுற்று நிலையம் நாலரை யூனிட் எடுத்துத் தரும். யூனிட்டுக்கு 600 கிராம். அதே நிலையத்தில் நல்ல நவீன இயந்திரத்தை வைத்து இயற்கை எரிவாயுவை எரித்தால் 400 கிராமுக்குள் வந்துவிடும். நுரைச்சோலையில் எரிகிற நிலக்கரிக்கு 900 கிராமுக்கு மேல். நம் ஓடைத் தண்ணீருக்கு? புகைபோக்கியே கிடையாது.

அப்படியானால் எரிவாயு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அங்கேயும் ஒரு சங்கதி இருக்கிறது. இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதி மீதேன். கிணற்றிலிருந்து கப்பல்வரை வழியில் அது கசிந்தால், 20 ஆண்டுக் கணக்கில் காபனீரொட்சைட்டைவிட 80 மடங்கு சூட்டைக் கூட்டும். புகைபோக்கியில் மட்டும் அளந்தால் எரிவாயு நல்ல பிள்ளை. வழி முழுக்க அளந்தால் அவ்வளவு நல்ல பிள்ளை இல்லை.

இப்போது காபன் விலைக்கு வருகிறேன். யோசனை எளிமையானது. புகையை ஊதுகிறவன் இலவசமாக ஊதுகிறான். அதன் செலவை வெள்ளத்திலும் மண்சரிவிலும் வறட்சியிலும் வேறு யாரோ கொடுக்கிறார்கள். ஆகவே, ஊதுகிற ஒவ்வொரு டன்னுக்கும் விலை வை. அதைச் செய்ய இரண்டு வழி உண்டு. ஒன்று வரி. பின்லாந்து 1990இலும் சுவீடன் 1991இலும் அதைத் தொடங்கின. மற்றது, நாடு முழுவதற்கும் இவ்வளவு டன்தான் என்று வரம்பு கட்டி, அனுமதிச் சீட்டுகளைச் சந்தையில் விடுவது. 2005இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த வழியில் இறங்கியது. 2023 பெப்ரவரியில் அங்கே ஒரு டன்னின் விலை 100 யூரோவைத் தொட்டது.

நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். டன்னுக்கு 20 டொலர் என்று வைத்துக்கொள்வோம். டொலர் 300 ரூபாய் என்றால் டன்னுக்கு 6000 ரூபாய், கிலோவுக்கு 6 ரூபாய். பழைய டர்பைன் யூனிட்டுக்கு 6 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். நிலக்கரிக்கு 5 ரூபாய் 40 சதத்துக்கு மேல். எண்ணெய்க் கூட்டுச் சுற்றுக்கு 3 ரூபாய் 60 சதம். எரிவாயுவுக்கு 2 ரூபாய் 40 சதத்துக்குள். தண்ணீருக்கும் வெயிலுக்கும் காற்றுக்கும் ஒரு சதமும் இல்லை. அழுக்கு எதுவோ அது விலை ஏறும். சுத்தம் எதுவோ அது முந்திக்கொள்ளும்.

இது பலித்த இடம் உண்டா? உண்டு. பிரித்தானியா 2013இல், ஐரோப்பிய விலைக்கு மேலாகத் தன் பங்குக்கு ஒரு காபன் கட்டணத்தையும் வைத்தது. 2012இல் அந்த நாட்டு மின்சாரத்தில் சுமார் 40 சதவீதம் நிலக்கரி. 2024 செப்டெம்பர் 30ஆம் திகதி கடைசி நிலக்கரி நிலையமும் மூடப்பட்டது. நிலக்கரி விட்ட இடத்தை முதலில் பிடித்தவை கேஸ் டர்பைன்கள். பிறகு கடற்காற்று. நீராவி இயந்திரத்தை உலகுக்குக் கொடுத்த நாட்டில், நம் முன்னோரைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து இந்த மலையில் இறக்கிய நாட்டில், நிலக்கரி மின்சாரம் முடிந்துபோனது.

ஆனால் நண்பர்களே, அங்கே பலித்த மருந்து இங்கே அப்படியே பலிக்குமா? அங்கே நிலக்கரி விலை ஏறியபோது, அதை நிறுத்திவிட்டு ஓட்ட எரிவாயு நிலையங்கள் தயாராக நின்றன. இங்கே என்ன நிற்கிறது? சாயங்காலம் ஆறரை மணிக்கு நாடு முழுவதும் விளக்குப் போடுகிற நேரத்தில் வெயில் இறங்கிவிட்டது. நீர்த்தேக்கத்தில் தண்ணீர் குறைவு. சில நிமிடங்களில் கிளப்பக்கூடியது கேஸ் டர்பைன். அதில் எண்ணெய்தான் எரியும். அந்த நேரத்தில் காபன் விலையை ஏற்றினால் புகை குறையாது. பில்தான் கூடும். மாறிப்போக வழி இருக்கிறவனுக்குத்தான் விலை பாடம் சொல்லும். வழியே இல்லாதவனுக்கு அது தண்டம். ஆகவே இந்த நாட்டில் காபன் விலை வந்தால், அந்தப் பணம் முதலில் வழியைக் கட்ட வேண்டும். பகல் வெயிலைச் சேமித்து இரவுக்குத் தருகிற பற்றரிகளைக் கட்ட வேண்டும். அப்படிக் கட்டாத விலைக்கு என்ன பெயர் வைத்தாலும் அது இன்னொரு வரிதான்.

இங்கே யாரோ மனதுக்குள் சொல்வது எனக்குக் கேட்கிறது: "காபன் விலை எல்லாம் வரப்போகிற கதை, நமக்கு எதற்கு?" வரப்போகிற கதை இல்லை ஐயா. இருபது ஆண்டுகளுக்கு முன்பே நம் சபரகமுவ மலைக்கு வந்துவிட்டது. நமக்கு யாரும் சொல்லவில்லை.

கேளுங்கள். 1997இல் கியோத்தோ உடன்படிக்கை எழுதப்பட்டது. 2005 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பணக்கார நாடுகள் தங்கள் புகையைக் குறைக்க வேண்டும். சொந்த ஊரில் குறைக்க முடியாவிட்டால், நம்மைப் போன்ற நாடுகளில் புகை குறைக்கிற திட்டங்களிலிருந்து காபன் சான்றிதழ்களை வாங்கிக் கணக்குக் காட்டலாம். அந்த ஏற்பாட்டில் இலங்கையிலிருந்து முதன்முதலாக, 2005ஆம் ஆண்டிலேயே பதிவான திட்டங்கள் எவை தெரியுமா? சின்ன நீர்மின் திட்டங்கள். அவற்றில் இரண்டின் பெயரைச் சொல்கிறேன்: ஹப்புகஸ்தென்ன, அலுப்பொல. இரண்டும் இரத்தினபுரி மாவட்டம். தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே ஓடுகிற ஓடைகள். நம் ஆட்கள் குளித்த ஓடைகள், துணி துவைத்த ஓடைகள்.

அப்படி ஒரு மினி ஹைட்ரோவைக் கிட்டப் போய்ப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். மேலே ஓடையின் குறுக்கே ஆள் உயரத்துக்கு ஓர் அணை. அதன் பக்கத்திலிருந்து மலை இடுப்பைச் சுற்றிக்கொண்டு ஒரு சீமெந்துக் கால்வாய். கால்வாய் முடிகிற இடத்தில் இலையையும் குப்பையையும் தடுக்கும் இரும்புக் கம்பி வலை, அதை வாரிவிட ஒரு நீளக் கைபிடி வாரி. அங்கிருந்து கறுப்பு நிறத்தில் பெரிய குழாய், தேயிலைச் செடிகளுக்கு ஊடாகச் செங்குத்தாக இறங்குகிறது. கீழே தகரக் கூரை போட்ட ஒரு கட்டடம். உள்ளே சுழலியின் இரைச்சல், ஒரே ஓர் ஆள், ஒரு பதிவுப் புத்தகம். வெளியே மின்மாற்றி. அங்கிருந்து புறப்படுகிற கம்பி, லயத்தின் கூரையைத் தாண்டிப் பெரிய பாதைக்குப் போய்த் தேசிய இணைப்பில் சேர்ந்துவிடும். அணைக்கும் கட்டடத்துக்கும் இடைப்பட்ட ஓடையைப் பாருங்கள். வறண்ட மாதங்களில் கல்லும் பாசியும்தான் தெரியும்.

அந்த ஓடையின் காபனுக்கு எப்படி விலை போட்டார்கள்? இங்கேதான் மேல் சுழலியும் கீழ்ச் சுழலியும் சந்திக்கின்றன. ஓடை ஒரு யூனிட் கொடுத்தால், இணைப்பில் எரிபொருள் நிலையம் ஏதோ ஒன்று அந்த ஒரு யூனிட்டைக் குறைத்து ஓட்டும். அங்கே எவ்வளவு புகை மிச்சமோ, அவ்வளவுதான் ஓடையின் சம்பாத்தியம். களனிதிஸ்ஸவும் சப்புகஸ்கந்த எண்ணெய் மின் நிலையமும் எவ்வளவு அழுக்காக எரிந்தனவோ, அவ்வளவுக்கு அலுப்பொல ஓடையின் மதிப்புக் கூடியது.

ஒரு மெகாவாட் மினி ஹைட்ரோவை உதாரணத்துக்கு எடுங்கள். ஆண்டில் நாற்பது சதவீத அளவுக்கு ஓடினால் சுமார் 35 லட்சம் யூனிட். யூனிட்டுக்கு 700 கிராம் புகை மிச்சம் என்று வைத்தால் சுமார் 2450 டன். 2008இல் அந்தச் சான்றிதழ் டன்னுக்கு 20 யூரோ வரை விலை போனது. ஆண்டுக்கு 49,000 யூரோ! 2012 முடிவில் அதே சான்றிதழ் ஒரு யூரோவுக்கும் கீழே விழுந்தது. அரை யூரோ என்று வைத்தால் 1,225 யூரோ. ஓடை அதே ஓடை. தண்ணீர் அதே தண்ணீர். விலை மட்டும் எங்கேயோ ஐரோப்பியச் சந்தையில் குப்புற விழுந்தது.

இப்போது நம் கேள்வி. பணம் யார் கைக்குப் போனது? அந்த ஏற்பாட்டின் விதியில், இப்படிப்பட்ட திட்டங்களின் சான்றிதழ்களில் 2 சதவீதத்தைப் பிடித்து, பருவநிலையால் பாதிக்கப்படுகிற நாடுகளுக்கான உலக நிதி ஒன்றில் போட்டார்கள். நல்ல காரியம். மீதி திட்டத்தை நடத்துகிறவருக்கு. அந்த ஓடைக்கரையில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற லயத்துக்கு இத்தனை சதவீதம் கொடுத்தே ஆக வேண்டும் என்று அந்த விதியில் ஒரு வரி உண்டா? கிடையாது. சட்டத்தை யாரும் மீறவில்லை. சட்டத்தில் நாம் இல்லை. அதுதான் விஷயம்.

கொழுந்து நிறுக்கிற இடத்தை நினைத்துப் பாருங்கள் அம்மாமாரே. காலையிலிருந்து அட்டைக்கடி பட்டு எடுத்த கொழுந்தைக் கொண்டுபோய்த் தராசில் தொங்கவிட்டால், சாக்குக்கு என்று கழிவு, ஈரத்துக்கு என்று கழிவு. கொழுந்து நம்முடையது, தராசு வேறொருவருடையது. காபனும் அதே கதைதான். மழை நம் மலையில் பெய்கிறது, ஓடை நம் வாசலில் ஓடுகிறது, தராசு மட்டும் வேறு கையில் இருக்கிறது. தராசு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். நிறுக்காவிட்டால் சம்பளமே இல்லை. தராசின் முள்ளை நாமும் பார்க்க வேண்டும் என்கிறேன்.

கொடுக்கிற பக்கத்தைப் பார்ப்போமா? 2022ஐ மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. நீர்த்தேக்கங்கள் வற்றிக் கிடந்தன. டர்பைனுக்கு எண்ணெய் வாங்க நாட்டில் டொலர் இல்லை. அந்த ஆண்டு ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதம். சராசரி என்ற சொல்லுக்குள் ஏழையின் பில் ஒளிந்துகொள்ளும். ஒளிந்ததை எடுத்துக் காட்டுகிறேன். மாதம் 30 யூனிட் பாவிக்கிற வீடு. இரண்டு பல்ப், ஒரு டீவீ, ஒரு போன் சார்ஜர். ஓகஸ்டுக்கு முன் யூனிட் 2 ரூபாய் 50 சதம், நிலையான கட்டணம் 30 ரூபாய், ஆக 105 ரூபாய். 2023 பெப்ரவரியில் யூனிட் 30 ரூபாய், நிலையான கட்டணம் 400 ரூபாய், ஆக 1300 ரூபாய். அன்றைக்குத் தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் 1000 ரூபாய். ஒரு நாள் முழுக்க மலையேறிக் கொழுந்தெடுத்தாலும் இரண்டு பல்புக்குப் போதவில்லை!

அந்த ஆண்டு ஜூலையில் கீழ்த்தட்டுக் கட்டணத்தைக் குறைத்தார்கள், உண்மைதான். ஆனால் அந்த ஐந்து மாதம் ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தது. செலவை எல்லோர் தலையிலும் கட்டு என்று கணக்கர்கள் முடிவெடுத்தால், மிகக் குறைவாகப் பாவிக்கிறவன் தலையில்தான் முதலில் விழும். நாளைக்குக் காபன் விலை என்ற பெயரில் இன்னொரு சுமை வந்தால், அது வேறு வழியிலா வரும்?

இந்த நாட்டில் ஓர் ஆள் ஆண்டுக்கு விடுகிற காபனீரொட்சைட்டு ஏறத்தாழ ஒரு டன். உலகச் சராசரி அதைப்போல நாலு மடங்குக்கு மேல். நாட்டின் சராசரியே இவ்வளவு என்றால், இரண்டு பல்ப் எரிகிற காம்பராவின் பங்கு எவ்வளவு? அற்பம். ஆனால் வெயிலும் மழையும் நிலை குலைந்தால் முதல் அடி யாருக்கு? 2016 மே 17ஆம் திகதி, நம் கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவில் மலையே இறங்கி வந்தது. அதே நாளில் புளத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்து லயத்தை மண் மூடியது. அடுத்த ஆண்டு மே மாதம் இரத்தினபுரி நீரில் மூழ்கியது. 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டையே உலுக்கியது. புகை விட்டவன் ஒருவன், புதைந்தவன் இன்னொருவன். காபன் விலை நியாயமானது என்று நான் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம். புதைந்தவனுக்கு அதில் பங்கு இல்லாவிட்டால் அது அநியாயம் என்று சொல்வதற்கும் இதே காரணம் போதும்.

பணத்தைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்பார்கள். முடியும். சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே மின்சாரத்தில் சுமார் 95 சதவீதம் இயற்கை எரிவாயு, அதாவது கேஸ் டர்பைன்தான். 2019இல் டன்னுக்கு 5 சிங்கப்பூர் டொலர் என்று காபன் வரி தொடங்கினார்கள். 2024இல் 25, 2026இல் 45. கூடவே அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழ்கிற குடும்பங்களின் மின், நீர்ப் பில்களில் கழிவு கொடுக்கிறார்கள். விலை ஏறியதும் பில்லில் தெரிகிறது, கழிவு வந்ததும் அதே பில்லில் தெரிகிறது.

தெரியாவிட்டால் என்ன ஆகும்? கனடாவில் மக்களிடம் வாங்கிய காபன் கட்டணத்தில் பெரும்பங்கைக் குடும்பங்களுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். பெற்றோல் நிலையத்தில் விலை கண்ணில் பட்டது, வங்கிக்கு வந்த பணம் பலர் கண்ணில் படவில்லை. அரசியல் புயல் அடித்தது, 2025 ஏப்ரலில் அந்தக் கட்டணத்தையே நிறுத்தினார்கள். அவுஸ்திரேலியா 2012இல் தொடங்கி 2014இல் கைவிட்டது. நம் நாட்டிலும் நடந்தது. 2018ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தில் வாகனங்களுக்குக் காபன் வரி போட்டார்கள். 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அரசாங்கம் மாறியதும் வரி காணாமற் போனது. கண்ணீர் விட ஆள் இல்லை. மக்கள் கைக்கு ஒரு சதமும் திரும்பி வராத வரியை எந்த மக்கள் காப்பாற்றுவார்கள்?

வெளியிலிருந்தும் நெருக்குகிறார்கள். 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம், சீமெந்து, இரும்பு, அலுமினியம், உரம் போன்றவை உள்ளே வரும்போது எல்லையிலேயே காபன் விலை கேட்கிறது. தேயிலையும் இறப்பரும் அந்தப் பட்டியலில் இன்று இல்லை. பட்டியல் நீளாது என்று யார் உறுதி தருவார்? நாமே இங்கே விலை வைத்துப் பணத்தை இங்கே பயன்படுத்தாவிட்டால், ஒரு நாள் அதே பணத்தை அவர்கள் எல்லையில் வசூலிப்பார்கள். ஆகவே "காபன் விலையே வேண்டாம்" என்று கோஷம் போடச் சொல்லி நான் உங்களைக் கேட்க மாட்டேன். அந்தக் கோஷத்தால் லாபம் அடைகிறவர்கள் நாம் இல்லை.

ஓடையை மக்களே நடத்த முடியாதா? நடத்தியிருக்கிறார்கள், நம் மாகாணத்திலேயே. 1990களிலிருந்து இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் கம்பி போகாத கிராமங்களில், ஊர்க்காரர்கள் மின் நுகர்வோர் சங்கம் அமைத்து, சிரமதானத்தில் கால்வாய் வெட்டி, சின்னஞ்சிறு சுழலி வைத்து வீடு வீடாக விளக்கு ஏற்றினார்கள். தொண்டு நிறுவனங்களும் உலக வங்கித் திட்டங்களும் கை கொடுத்தன. சிங்களக் கிராமத்தால் முடிந்தது. பக்கத்துத் தோட்டத்தால் ஏன் பெரிதாக முடியவில்லை? நமக்கு உழைப்புக் குறைவா? அறிவு குறைவா? அவர்கள் காலடியில் சொந்த மண் இருந்தது. நம் காலடியில் தோட்டத்து மண். அணை கட்ட ஒரு பேர்ச் நிலமும் நம் பெயரில் இல்லை. காணி உரிமைப் போராட்டமும் மின்சாரப் போராட்டமும் ஒரே போராட்டம் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆகவே நம் கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம்.

முதலாவது, மின்சாரத்தில் காபன் விலை சேர்க்கப்படுமானால், குறைவாகப் பாவிக்கிற வீடுகளுக்கு அதற்கு ஈடான தொகை பில்லிலேயே, தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு, கழிக்கப்பட வேண்டும்.

இரண்டாவது, தோட்டத்து ஓடையில் புதிதாக மினி ஹைட்ரோ வந்தாலோ, பழைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டாலோ, விற்கிற ஒவ்வொரு யூனிட்டிலும் இத்தனை சதம் அங்கே குடியிருக்கிறவர்களின் பொது நிதிக்கு என்று ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். காபன் சான்றிதழ் விற்றால் அதிலும் பங்கு வேண்டும். ஓடையில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் விட்டுவைக்க வேண்டும்.

மூன்றாவது, ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதன் சொந்தப் பெயரில் மீற்றர். பெயர் இல்லாதவனுக்குக் கழிவு எப்படி வரும்? இன்று வீட்டுக்குப் போனதும் பில்லை எடுத்துப் பாருங்கள், யார் பெயர் இருக்கிறது என்று.

நான்காவது, காபன் விலையில் சேர்கிற பணத்தின் ஒரு பகுதி, மண்சரிவு அபாயம் என்று அடையாளம் கண்ட லயங்களைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்ற ஒதுக்கப்பட வேண்டும். புகைக்கு விலை என்றால், புகையின் சேதத்துக்குத்தானே முதல் செலவு?

இவற்றை யாரிடம் சொல்வது? தலைவர்மாரிடம் சொல்லுங்கள், அது அவர்கள் கடமை. அதோடு நிற்காதீர்கள். மின்கட்டணத்தை மாற்றுவதற்கு முன் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது. எழுத்திலும் கொடுக்கலாம், நேரிலும் போய்ப் பேசலாம். கம்பனிகள் எழுதுகின்றன. கைத்தொழில் அதிபர்கள் எழுதுகிறார்கள். கொழும்பிலிருந்து நிபுணர்கள் எழுதுகிறார்கள். தோட்டத்திலிருந்து எத்தனை கடிதம் போகிறது? இங்கே உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறீர்கள். 105 ரூபாய் எப்படி 1300 ஆனது என்பதை உங்கள் வீட்டுப் பில்களை வைத்தே ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். அம்மாவிடம் பழைய பில்லைக் கேளுங்கள், பக்கத்து வீட்டுப் பில்லையும் வாங்குங்கள், ஆண்டைப் போட்டு, தொகையைப் போட்டு, தமிழிலேயே எழுதுங்கள். ஆசிரியர்கள் பிழை திருத்திக் கொடுங்கள். சங்கத் தலைவர்கள் கையெழுத்துச் சேருங்கள். அடுத்த கட்டணத் திருத்தம் அறிவிக்கப்படும்போது, கேகாலை, இரத்தினபுரி தோட்டங்களிலிருந்து ஒரு கட்டுக் கடிதம் அந்த ஆணைக்குழுவின் மேசையில் இருக்கட்டும்.

விலையைக் கொடுப்பது யார்? இதுவரை நாம். பணம் போய்ச் சேருவது யார் கைக்கு? அதை முடிவு செய்கிற மேசையில் இனி நாமும் உட்கார வேண்டும்.